பாகுமே மூன்றாம் தேதி

தலைமையேற்று வீற்றிருக்கும் மரியாதைக்குரிய மெஸ்ஃபின் அவர்களே, விடிகாலைத் துப்புரவு வேலையை முடித்து, முகம் கழுவவும் நேரமின்றி ஓடிவந்திருக்கும் தாய்மார்களே, டப்ளின் மழையில் நனைந்தும் கலையாத எத்தியோப்பிய உறவுகளே, வணக்கம்!

கை தட்டாதீர்கள். இன்று நான் புகழ் பாட வரவில்லை. பிழை பேச வந்திருக்கிறேன். என் பிழை!

முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாரே சகோதரி வொர்க்கினெஷ், அவருடைய அகதி விசாரணையில் மொழிபெயர்த்தவன் நான். எப்போது கைதானீர்கள் என்று அதிகாரி கேட்டார். "பாகுமே மூணாந்தேதி" என்றார் இவர். ஆண்டின் கடைசியில் ஐந்தாறு நாளே வாழும் நம் பதின்மூன்றாம் மாதம்! அதை அயர்லாந்துக்காரருக்கு யார் விளக்குவது என்று அலுத்துக்கொண்டு, "ஆகஸ்ட் கடைசி" என்று சொல்லித் தொலைத்தேன். படிவத்திலோ இவர் சரியாக எழுதியிருந்தார்: செப்டம்பர் எட்டு. தேதி முரண் என்றார்கள். ஆகவே சிறையும் பொய், தழும்பும் பொய், இவரே பொய் என்று மறுத்துவிட்டார்கள்!

மறுப்புக் கடிதத்தைப் பார்த்துப் பதறிப்போனேன். குற்றம் என்னுடையது என்று மேல்முறையீட்டுக்கு எழுதிக் கொடுத்தேன். பார்த்தார்களா? படித்தார்களா? மேல்முறையீட்டையும் தள்ளிய அந்த ஏழு பக்க முடிவில் என் கடிதத்துக்கு ஒரு வரி உண்டா? இல்லை!

அதைத்தான் வழக்கறிஞர் கிரானியா உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார். "இவங்க அகதியா இல்லையான்னு நீதிபதி சொல்ல மாட்டார். கடிதத்தைப் பாக்காம முடிவெடுத்தது முறையா, அது மட்டும்தான் கேள்வி. ஜெயிச்சாலும் மறுபடி விசாரணைதான்" என்றார்.

"தோத்தா?" என்றார் வொர்க்கினெஷ்.

"திருப்பி அனுப்பலாம்."

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, உறவுகளே. பயமாக இருக்கிறது.

என்ன சொல்கிறீர்கள், பின்வரிசையில்? "அப்புறம் உனக்கெதுக்குய்யா மேடை?" நல்ல கேள்வி! நாளை நீங்களும் அந்த விசாரணை நாற்காலியில் அமர்வீர்கள் என்பதற்காகத்தான். போன வாரம் வொர்க்கினெஷ் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "ஆகஸ்ட்னு நீங்க சொன்னது அன்னிக்கே காதுல விழுந்துச்சு, அண்ணே. படிச்சவரு, உங்களைப் போய் எப்படித் திருத்துறதுன்னு விட்டுட்டேன்."

மரியாதையாம்! யாருக்கு மரியாதை? எதற்கு மரியாதை? உயிரைவிடப் பெரிதா என் மரியாதை? குறுக்கிடுங்கள்! கை உயர்த்துங்கள்! நான் சொன்னது அதுவல்ல என்று உரக்கச் சொல்லுங்கள்!

நாளை மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தீர்ப்பு. இவர் பக்கத்தில் அமர யார் யார் வருகிறீர்கள்? கை உயரட்டும்! அம்மா வொர்க்கினெஷ், நீங்கள் ஏன் கை தூக்குகிறீர்கள்?

"செவ்வாய் இல்லண்ணே. புதன்."

புதன்கிழமை, உறவுகளே! காலை பதினொரு மணி. திருத்தியதற்கு நன்றி, தங்கையே. அனைவரும் வாருங்கள். வணக்கம்.