ஐந்து மணிக்குள் வராத அழைப்பு

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவள் இல்லை நான், ஐயா. படகுத்துறைக்கு மேலே மேட்டில் டீக்கடை வைத்திருந்தால், விஷயம் தானே படியேறி வந்து கொக்கோ டீ கேட்கும்.

சில்வனும் அவன் மனைவி ஐடெல்லாவும் அப்படித்தான் வந்தார்கள். மறுநாள் விடியலில் தங்கள் பாய்மரப் படகில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே பெக்வே தீவில் நங்கூரம் போடுவதாகத் திட்டம். போகும் வழியை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இங்கே கரியகூத் தீவில் யார் கடல் தாண்டினாலும் கரையில் ஒருவரிடம் அப்படிக் கொடுத்துவிட்டுத்தான் போவார்கள்.

"அஞ்சு மணிக்குள்ள போன் வரலேன்னா கோஸ்ட் கார்டுக்குச் சொல்லிடுங்கக்கா. வெள்ளிக்கிழமை திரும்பிடுவோம்," என்றாள் ஐடெல்லா.

வெள்ளிக்கிழமை திரும்புகிறவர்கள் மூன்று பெட்டியா ஏற்றுவார்கள்? ஊரைவிட்டே போகிறார்கள், மார்ட்டினிக் தீவில் குடியேறத்தான் என்று எனக்குப் பட்டது. பட்டதை அவர்கள் கிளம்பிய காலையிலேயே நாலு பேரிடம் சொன்னேன்.

மீன் விற்கும் கிளாரிஸ் சிரித்தாள். "போன தடவ பாதிரியாருக்கே கல்யாணம் பண்ணி வெச்ச வாயாச்சே அக்கா இது." கடையே சிரித்தது.

மணி ஐந்தாயிற்று. போன் வரவில்லை. காற்று வேறு பலத்திருந்தது. கோஸ்ட் கார்டைக் கூப்பிட்டால் தாளைக் காட்டவேண்டும். தாளில் பெக்வே என்றுதான் இருக்கிறது, நான் ஊரில் சொன்னதோ மார்ட்டினிக்.

கிளாரிஸ் எட்டிப் பார்த்தாள். "போன் வந்துச்சா?"

"வந்துச்சே. மார்ட்டினிக் போறாங்களாம். நான் என்னடி சொன்னேன்?"

அவள் முகம் தொங்கிப்போனதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

தாளை அடுப்பில் போட்டேன்.

மறுநாள் காலை கடையில் நல்ல கூட்டம். என் கடை வயர்லெஸ் செட்டின் கம்பம்தான் இந்தப் பக்கத்தில் உயரமானது. கீழே படகுகளுக்கு எட்டாததும் எனக்கு எட்டும். ஐடெல்லா குரல் வந்தது, கரகரவென்று.

"யூலின் அக்கா, கேக்குதா? பாய்மரம் ஒடஞ்சிடுச்சு. தண்ணி ஏறிக்கிட்டே இருக்கு. அக்கா..."

கிளாரிஸ் இரண்டடி தள்ளி ரொட்டிக்குக் காத்து நின்றாள்.

வயர்லெஸ்ஸை அணைத்துவிட்டாயா என்று கேட்கிறீர்கள். இல்லை, ஐயா. சத்தத்தைத்தான் குறைத்தேன். கூட்டம் கலைந்ததும் செட்டோடு காதை ஒட்டிவைத்து, நண்பகலில் அவள் குரல் நிற்கும்வரை கேட்டேன். பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனுஷி கடைசியாகப் பேசும்போது யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது நல்லதில்லையா?