சூடம் காட்டிய பெட்டி

"ஏன்க்கா, காத்துல இருக்கிற புகையை அளக்க நாங்க வெச்ச பெட்டிக்குப் போய் யாராவது சூடம் காட்டுவாங்களா?"

மந்தைவெளியில் நான் ரயில் ஏறியதும் எதிர் சீட்டில் கேட்ட முதல் பேச்சு இதுதான். கேட்டவள் மடியில் லேப்டாப் பையோடு இருந்த இளம்பெண். பக்கத்தில், காலி மீன்கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா.

"புதுசா நம்ம தெருவுக்கு வந்துகீது. சும்மா வுட்டுற முடியுமா? தெனமும் விளக்கு வெக்கிற நேரத்துக்குக் காட்டுறோம்."

"அதான் வினையாப் போச்சு. பெட்டி காட்டுற புகை குப்பை எரிக்கிறதால இல்ல, உங்க சூடத்தாலன்னு மீட்டிங்ல கார்ப்பரேஷன்காரங்க சொல்லிட்டாங்க."

"என் புள்ளைக்கு மூச்சு இழுக்குதே, அதுவும் சூடத்தாலயா?"

"இல்லக்கா. ஆனா பெட்டிக்கு எல்லாப் புகையும் ஒண்ணுதான்."

இறங்கும் இடம் வந்ததும் அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"இன்னிலேர்ந்து எங்க தெருவுல சூடம் கிடையாது, ஊதுவத்தி கிடையாது. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ மறுபடி மீட்டிங் போடு. அப்பவும் பொகை ஏறுச்சுன்னா, அது யார் ஊட்டு சூடம்னு அவுங்களே சொல்லட்டும்."