சாம்பிள் மாதிரி வராத ஜாஸ்

ஐந்தாம் வகுப்போடு நின்று மூன்று பனியன் கம்பெனி கண்டவன் நான். என் காதுக்கு எதுவும் தப்பாது. கார் சர்வீஸில் இருந்ததால் அன்று முதலிபாளையம் பஸ்ஸில் போனேன். முன் சீட்டில் ஒரு பனியன் முதலாளி, பக்கத்தில் அவர் பணத்தில் ஜாஸ் ஆல்பம் வெளியிடும் மருமகன்.

“ஏனுங் மாப்ள, சாம்பிளுக்கு வாசிச்சது ஒண்ணு, ரெக்கார்டுல வந்தது ஒண்ணா இருக்குதுங்களே? சாம்பிள் மாதிரி வராத சரக்கு ரிஜெக்டுங்க.”

“ஜாஸ்னா ஒவ்வொருக்காவும் மாத்தித்தானுங்க மாமா வாசிப்பாங்க. இந்தப் புது ஆல்பம் வரலீன்னா என்ற ரெக்கார்டு கம்பெனிய மூடோணும். அப்புறம் உங்ககிட்டவே பேக்கிங் பாக்க வந்தர்றனுங்க.”

மாமனார் பதறிவிட்டார்.

“வேண்டாமுங்க சாமி! போன தடவ நீங்க பேக்கிங் பாத்த பெட்டி எந்த நாட்டுக்குப் போச்சுன்னு இன்னும் தேடறோம். ஆல்பத்த இன்னைக்கே ரிலீஸ் பண்ணிருங்க!”