கருகிய பன்

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ்ஸில், முன் சீட்டு பேக்கரிக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது கேட்டு நான் என் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"இன்னிக்கும் ரெண்டு தட்டு பன்ன வேணும்னே கருக்கிட்டு வர்றேன், மச்சான்."

"வேணும்னேவா? இன்னாத்துக்கு?"

"அன்னிக்கு போன் போட்டு உன் பொண்ணு நிக்காஹ் கதைய அளந்தியே, ஓவன்ல பன் இருக்குறதையே மறந்துட்டேன். தார் மாதிரி கருத்துப் போச்சு."

"சொல்லவே இல்லியே நீ!"

"எதிர்ல கண்ணாடி பேக்கரி வந்ததுலேர்ந்து நமக்கு ஏவாரமே இல்ல. தெனம் மிஞ்சின பன்ன அறுத்து ரஸ்க் போட்டுகினு, கடைய மூடிடலாம்னு இருந்தேன். அன்னிக்கு பன் கருகின நேரம் பாத்து கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் வந்து நின்னுது. வேற பன் இல்ல. கருகினதையே டீயோட குடுத்தேன். மறுநாள் அந்த பஸ் ஆளு ஒருத்தரு வந்து, 'நேத்து குடுத்த கருப்பு பன்னு இருக்குதா'ன்றாரு!"

"அப்புறம்?"

"இப்ப பஸ்ஸே எறங்கி வருது. நேத்து எதிர்கடைக்காரனே வந்து நாலு வாங்கினான். எப்டி செய்றன்னு வேற கேட்டான்."

"இன்னா சொன்ன?"

"பன்ன ஓவன்ல வெச்சிட்டு மச்சானுக்கு போன் போடுன்னேன்."

மச்சான் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. பிறகு கேட்டார்:

"உன் தங்கச்சி ரஸ்க் கேட்டாளே, எடுத்துனு வந்தியா?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி பதில் வந்தது:

"ரஸ்க்கா? அதுக்கு பன்னு மிஞ்சணும்ல, மச்சான்!"