இடது பக்க ஜன்னல்

இப்போது ஓடுகிற ரயில்களில் இருக்கைக்கு நேராக ஜன்னல் இருப்பதில்லை. சீட்டு வாங்கி ஏறி, இரண்டு மணி நேரம் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சுவரைப் பார்த்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. நீங்களும் வாரத்தில் மூன்று நாள் லீட்ஸுக்கு ரயிலில்தான் போவதாகச் சொன்னீர்கள். அடுத்த முறை மேசை போட்ட இருக்கையாகப் பாருங்கள், அங்கே மட்டும் ஜன்னல் ஒழுங்காக அமையும். இப்படி யாருக்காவது யோசனை சொல்வதிலேயே என் ஆயுள் போய்விட்டது.

தேநீருக்கு நன்றி. நானாகத்தான் வந்திருக்கிறேன், வக்கீல் வேண்டாம். பெயர் டெனிஸ் ஹார்கிரீவ்ஸ், வயது எழுபத்தாறு. நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மலை ரயில் பயணிகள் சங்கத்துக்குப் பத்தொன்பது வருடம் தலைவராக இருந்தேன். எங்களைப் போன்றவர்களைப் பார்த்து ஊர் சிரிக்கும் என்பது தெரியும். மழையில் நடைமேடை ஓரத்தில் நின்று எஞ்சின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் கிழவர்களைப் பார்த்தால் எனக்கே சில சமயம் சிரிப்பு வரும்.

மால்கம் துவெயிட்டைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மருந்துக்கடை வைத்திருந்தவன், என் முப்பது வருட நண்பன். எங்களுக்குள் ஒரே சண்டைதான். ரேவன்ஸ்கில் மலைப்பாதையில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பது அது. இடது பக்கம் என்பேன் நான். அங்கே ஏரி இருக்கிறது, அருவி இருக்கிறது, மார்ச் மாதம் வரை கரையாத பனி இருக்கிறது. இடது பக்கம் ஆடுகளையும் ஈரச் சுவரையும் தவிர என்ன இருக்கிறது என்பான் அவன். வலது பக்கம் உட்கார்ந்தால் ஒரே கல்குவாரியை மூன்று கோணத்தில் பார்க்கலாமே என்பேன் நான். சங்கப் பத்திரிகையில் இதை வைத்தே இருவரும் எழுதிக் குவித்தோம். அவன் மனைவி எய்லீன், இரண்டு பேரையும் தண்டவாளத்திலேயே கட்டிப் போட்டால்தான் சரிப்படும் என்பாள். சந்தோஷமான நாட்கள் அவை.

எங்கள் வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஓடும் ரயிலில் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மைல்கல்லையும் எத்தனை நிமிடம், எத்தனை நொடியில் கடந்தோம் என்று எழுதுவோம். ஓட்டக் குறிப்பு என்று பெயர். அதற்குச் சாட்சி கிடையாது. எழுதியவன் சொன்னால் சொன்னதுதான். பெண்டாட்டியிடம் பொய் சொல்கிறவன்கூட ஓட்டக் குறிப்பில் பொய் எழுதமாட்டான்.

1979 ஆகஸ்டில் ரேவன்ஸ்கில் ஏற்றத்தின் பதினைந்து மைலை ஒரு ரயில் பதினாறு நிமிடம் நாற்பத்தொரு நொடியில் ஏறியதாக நான் எழுதிய குறிப்பு அச்சில் வந்தது. அதை மிஞ்சிய குறிப்பு இன்றுவரை இல்லை. என்னைத் தலைவராக்கியதே அந்தக் குறிப்புதான். ரயில் உண்மையிலேயே பறந்தது. நான்தான் மதியம் இரண்டு கிளாஸ் பீர் குடித்துவிட்டுத் தூங்கிப்போனேன். உச்சியில் கண் விழித்து, கடிகாரத்தைப் பார்த்து, நடுவில் உள்ள கற்களுக்கு நேரத்தைக் கணக்குப் போட்டு நிரப்பினேன். இந்த இடத்தை மட்டும் எழுதாமல் விட முடியுமா என்று கேட்க வாயெடுத்தேன். பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன், ஏப்ரல் மாதம், மால்கம் என் வீட்டுக்கு வந்தான். பழைய ரயில்பாதைப் பராமரிப்புக் காகிதங்களைப் புரட்டியிருக்கிறான். என் எதிரில் உட்கார வெகுநேரம் தயங்கினான், திருடியவன் அவன் என்பது போல.

“டெனிஸ், இருபத்தி மூணாவது கல்லு அந்த வருஷம் அங்க இல்லயேப்பா. பிப்ரவரில மண் சரிஞ்சு போயிருச்சு. அக்டோபர்லதான் புதுசு நட்டிருக்காங்க. நீ அத ஒம்பது நிமிஷம் பன்னெண்டு நொடியில பாத்ததா எழுதிருக்க.”

அவன் கோபப்பட்டிருந்தால் தேவலை. ஜூன் மாத ஆண்டு விருந்தில் நீயே எழுந்து சொல்லிவிடு, எல்லாரும் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள், சொல்லாவிட்டால் நான் சொல்ல வேண்டியிருக்கும் என்றான். போகும்போது தோளில் தட்டிக் கொடுத்தான். எல்லாரும் சிரிப்பார்கள் என்று அவன் ஆறுதலுக்குத்தான் சொன்னான். அன்றிரவு முழுக்க அந்தச் சிரிப்புதான் என் காதில் கேட்டது.

மே மாதம் சங்கத்தின் சிறப்பு ரயில். நீராவி எஞ்சின், ஒன்பது பழைய பெட்டிகள், கதவு ஜன்னலைக் கீழே இறக்கக்கூடியவை. ஏற்றத்தில் எஞ்சினின் சத்தத்தைக் கேட்பதற்காக எங்கள் ஆட்கள் கண்ணில் கரித்தூள் விழாமலிருக்கக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தலையை வெளியே நீட்டுவார்கள். கூடாது என்று ஒவ்வொரு கதவிலும் ஒட்டியிருக்கும், ஒருவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஆகவே பெட்டி பெட்டியாகப் போய், எந்த இடத்தில் தலையை உள்ளே இழுக்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அன்றைக்கு அது நான். சங்கத்தில் யாரும் அரசாங்கத்தை நம்பமாட்டார்கள், வானிலை அறிக்கையை நம்பமாட்டார்கள், அந்த வேலையைச் செய்பவரை நம்புவார்கள்.

ரயில்வே ஆட்கள் காலையில் கொடுத்த காகிதத்தில் புதிதாக ஒரு வரி இருந்தது. இருபத்தோராவது கல்லைத் தாண்டியதும் பாலத்தில் பழுது வேலை நடக்கிறது, இடது பக்கம் சாரம் கட்டியிருக்கிறது, தண்டவாளத்துக்கு மிக அருகில். கடைசிப் பெட்டியிலிருந்து தொடங்கி எட்டுப் பெட்டியிலும் சொன்னேன். இடது பக்க ஜன்னல்களை என் கையாலேயே ஏற்றிவிட்டேன். ஒரு பெரியவருக்குக் காது மந்தம், அவருக்கு இரண்டு முறை சொன்னேன். என் வேலையை நான் நன்றாகவே செய்தேன்.

ஒன்பதாவது, எஞ்சினை அடுத்த பெட்டி. சத்தம் அங்கேதான் நன்றாகக் கேட்கும். மால்கம் அங்கே தனியாக, வழக்கம்போல வலது பக்கக் கதவில் நின்றான்.

மரண விசாரணையில் நான் சொன்னது உங்கள் கோப்பில் இருக்கும். அவனிடமும் சொன்னேன், தலையாட்டினான், அதையும் மீறி இடது பக்கம் போய் எட்டிப் பார்த்தான், சாரத்தில் தலை மோதிவிட்டது என்றேன். கேட்டவர்கள் மறுபேச்சு பேசவில்லை. ரயில் பைத்தியம் பிடித்த கிழவன், எச்சரிக்கையை மதிக்கவில்லை. பத்திரிகைகளிலும் அப்படியே வந்தது. அவன் எந்த விருந்திலும் எதையும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டும் என்னையே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். நான் அவனைத் தொடவில்லை. ஒரு பெட்டியில் ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டேன், அவ்வளவுதான். மறதி என்றுகூட வைத்துக்கொள்ளலாம். சில வருடம் அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

எய்லீன் மாதம் ஒருமுறை என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாள். ஆட்டிறைச்சி வறுவலும் எலுமிச்சை கேக்கும் செய்வாள். என்னிடம் அவள் மன்னிப்பு வேறு கேட்பாள், தன் கணவனுடைய பிடிவாதத்தால் அந்தக் காட்சியை நான் பார்க்க நேர்ந்ததே என்று. அவன் படங்களையெல்லாம் கழற்றிவிட்டாள். உங்கள் அப்பாவுக்கு உங்களைவிட ஒரு எஞ்சினின் இரைச்சல் பெரிதாகப் போய்விட்டது என்று மகள்களிடம் சொல்லியிருக்கிறாள். நான் அந்த மேசையில் உட்கார்ந்து இரண்டாவது துண்டு கேக்கையும் சாப்பிட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

“கல்லறையில அவரு பக்கத்துல எனக்கு எடம் வாங்கி வச்சிருந்தோம்ல, வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன். நீங்க அவ்ளோ சொல்லியும் கேக்காம போனவரு. அவரு பக்கத்துல நான் எதுக்குப் படுக்கணும்?”

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அவனைக் கொன்றது போதாமல், பன்னிரண்டு வருடமாக அந்த வீட்டில் உட்கார்ந்து தின்றுகொண்டே அவள் மனதிலும் அவனைக் கொன்றுவந்திருக்கிறேன். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

மால்கம் தானாக இடது பக்கம் வரவில்லை. நான்தான் கூப்பிட்டேன். முப்பது வருடமாகச் சொல்கிறேன், இன்றைக்கு ஒரு தடவையாவது என் பக்கம் வந்து பாரேன் என்றேன். அவனுக்கு அது சமாதானம் பேசுகிற மாதிரி இருந்திருக்க வேண்டும். முகமெல்லாம் மலர்ந்து வந்தான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னலில் கை வைத்தவன், திரும்பி என்னைப் பார்த்தான்.

“இந்தப் பக்கம் இன்னைக்கு ஏதாவது இருக்கா டெனிஸ்?”

காகிதம் என் கையில் இருந்தது. இருபத்தோராவது கல் வந்துகொண்டிருந்தது.

“ஒண்ணும் இல்ல. நல்லா எட்டிப் பாரு,” என்றேன்.

எய்லீனிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். அவன் கடைசிவரை நான் சொன்னதைக் கேட்டுத்தான் நடந்தான்.