மூன்று நாளாய்ப் புழுக்கம்

மெக்கானிக்: போட மாட்டேன் சார். வேற ஆளைப் பாருங்க.

மேனேஜர்: ஒரே ஒரு கையெழுத்தும்மா. 'தெரியாம செஞ்சுட்டேன், மன்னிச்சுக்குங்க'... அவ்வளவுதான்.

மெக்கானிக்: தெரிஞ்சேதான் செஞ்சேன்.

மேனேஜர்: அதைச் சத்தமா வேற சொல்லு. முதலாளி ரூம் ஏசியில கை வச்சிருக்க. கையெழுத்துப் போடலன்னா நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்னுட்டாரு.

மெக்கானிக்: கை வைக்காம பின்ன? ஃபில்டர்ல கம்பளி மாதிரி அழுக்கு. உள்ளே குளிர வைக்கிற காயில் குழாய் அதைவிட மோசம். காத்தே வரல, அவரு பதினெட்டு டிகிரியில வச்சுட்டு உக்காந்திருந்தாரு. மிஷின் நாள் பூரா நிக்காம ஓடிச்சு.

மேனேஜர்: கழுவினே, சரி. கதவு இடுக்குக்கு ரப்பர் ஒட்டினே, அதுவும் சரி...

மெக்கானிக்: இருபத்துநாலுல வச்சேன். அதுவும் சரி.

மேனேஜர்: குளிரைக் கூட்டக் குறைக்கச் சுவத்துல அவரு திருகுற டப்பாவோட ஒயரைக் கழட்டினியே, அது?

மெக்கானிக்: அது ரொம்பச் சரி. நான் இருபத்துநாலுல வச்சா, அவரு வந்து பதினெட்டுக்குத் திருகுவாரு. எத்தனை தடவை சொன்னேன்... செவிடன் காதுல ஊதின சங்கு. அதான் கழட்டிட்டு, மிஷின் ரூம்லேருந்தே வச்சேன். உங்ககிட்ட மட்டும் சொல்லிட்டுத்தான்.

மேனேஜர்: மெதுவாப் பேசும்மா... மூணு நாளாப் புழுங்குதுன்னு குதிக்கிறாரு.

மெக்கானிக்: மூணு நாளாவா? கழட்டி மூணு மாசம் ஆச்சு சார்.

மேனேஜர்: அவருக்கு மூணு நாளாத்தான் புழுங்குதாம்.

மெக்கானிக்: தினம் காலையில வெறும் டப்பாவைத் திருகிட்டு, 'இப்பதான் ஜில்லுன்னு இருக்கு'ன்னு சால்வை கேட்டாரே... நீங்கதானே கொண்டு போய்க் குடுத்தீங்க?

மேனேஜர்: அதையெல்லாம் இப்பக் கிளறாதே.

மெக்கானிக்: மீட்டரைப் பாருங்க. மூணுல ஒரு பங்கு கரண்ட் குறைஞ்சிருக்கு. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா? வேலை போனாப் போகுது. ஸ்பேனர் பிடிச்ச கை பட்டினி கிடக்காது.

மேனேஜர்: வீராப்பு சோறு போடாதும்மா.

மெக்கானிக்: பொய் போடுற சோறும் வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணு மாசம் ஜில்லுன்னு இருந்த ரூம், இந்த மூணு நாளா மட்டும் எப்படிப் புழுங்குது? ... ஏன் சார் மூஞ்சியைத் திருப்புறீங்க?

மேனேஜர்: மூணு நாளைக்கு முன்னாடி முதலாளி, கரண்ட் குறைஞ்சதுக்கு யாரு காரணம்னு கேட்டாரு. நான்தான்னேன். எப்படின்னு கேட்டாரு... டப்பாவுல ஒயரே இல்லன்னு பெருமையாச் சொல்லிட்டேன். அந்த நிமிஷம் வேர்க்க ஆரம்பிச்சுதும்மா அவருக்கு... உடனே உன் பேரைச் சொல்லிட்டேன்.