நடுக்குறிக்குப் பக்கத்தில் நின்றவன்

கெலாங் பாத்தாவில் கிபாயத்துல்லா பாய் தேநீர்க் கடையில், மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள மேசை என்னுடையது. நான் கேட்டு வாங்கியதல்ல. பத்தொன்பது வருஷத்துக்கு முன் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் கோலூன்றி நாலு மீட்டர் எண்பத்தொரு சென்டிமீட்டர் தாண்டினேன். இன்றுவரை யாரும் அதை முறியடிக்கவில்லை. பாய் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை. "நாலு எண்பத்தொன்னு வந்துட்டாரு, தே தாரேக் ஒன்னு" என்பார். காளிதாஸ் என்பது அடையாள அட்டைக்கு மட்டும்தான்.

சுற்று வட்டாரத்தில் எந்தப் பள்ளியில் விளையாட்டுப் போட்டி என்றாலும் கொடியேற்ற நான் போவேன். ஒரு பூப்புனித நீராட்டு விழாவில்கூட மாலை போட்டுப் பேசச் சொன்னார்கள். விடாமுயற்சியைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். அந்தப் பெண் தூங்கிவிட்டாள்.

விசாரணைக் குழுத் தலைவர் புவான் நஸீமா அவர்களே, நீங்கள் மாஹிரைப் பற்றித்தானே கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவரின் மகன். என்னிடம் பயிற்சிக்கு வந்த இரண்டாம் வருஷமே நாலு எழுபது தாண்டினான். அதே கல்லூரிப் போட்டியில் நாலு எண்பத்திரண்டு தாண்டினால் தேசியப் பயிற்சி முகாமில் இடம். அவனுக்கு வேண்டியது பன்னிரண்டு சென்டிமீட்டர். எனக்கு மிச்சமிருந்ததும் அவ்வளவுதான்.

கோலோடு ஓடுகிறவனுக்குத் தன் கால் எங்கே விழுகிறது என்று தெரியாது. அதனால் ஓடுபாதையின் நடுவில் ஒரு வெள்ளை நாடாவை ஒட்டி, பக்கத்தில் பயிற்சியாளர் நிற்பார். கால் நாடாவில் விழுந்ததா, முந்தியதா என்று சொல்வது அவர் வேலை. முந்தினால், ஓட்டம் தொடங்கும் இடத்தைப் பின்னால் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் கோலை ஊன்றும் குழிக்கு மிகவும் நெருங்கிப்போய்த்தான் எழும்புவான். கோல் தோளைப் பிய்க்கிற மாதிரி இழுக்கும்.

மாஹிரின் வேகம் கூடியது. கால் நாடாவை ஒரு சாண் முந்தியது.

"சார், மார்க் எப்படி?"

"சரியா விழுது லா. அப்படியே ஓடு."

நான் செய்தது இவ்வளவுதான். அவனையோ அவன் கோலையோ தொட்டதுகூட இல்லை.

ஏழு மாதம் இப்படிப் போனது. தோள் வலிக்கிறது என்றான். மருந்தெண்ணெய் தேய்க்கச் சொன்னேன். வலியைத் தாங்குகிறவனே வீரன் என்றும் சொன்னேன். அதைக் கைப்பேசித் திரையில் எழுதி வைத்துக்கொண்டான்.

போட்டியன்று அந்தத் தப்பான ஓட்டத்திலேயே நாலு எழுபத்தைந்தைத் தாண்டினான். அவ்வளவு திறமை. பிறகு குறுக்குக்கம்பியை நாலு எண்பத்திரண்டுக்கு உயர்த்தினார்கள். இரண்டு முறை தட்டிவிட்டான். கடைசி முயற்சிக்கு முன் என்னிடம் வந்தான்.

"ரொம்பக் கிட்டப் போய் எழும்புற மாதிரி இருக்கு சார். கொஞ்சம் பின்னால போய் ஓடட்டா?"

கண்டுபிடித்துவிட்டான். நான் தலையாட்டியிருந்தால் தாண்டியிருப்பான். அந்த நேரத்தில் எனக்குப் பாய் கடை மேசைதான் ஞாபகம் வந்தது என்றால் சிரிப்பீர்கள்.

"அது பயம்டா. கால் சரியாத்தான் விழுது. என் கண்ண நம்பு."

நம்பினான். தோளில் தசைநார் அறுந்த சத்தம் நான் நின்ற இடம்வரை கேட்டது.

இப்போது அவனால் வலக்கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. மைலோ டின் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடக்கையால் என் கையைப் பிடித்து, "உங்க பேர கெடுத்துட்டேன் சார்" என்று அழுதான். பரவாயில்லை என்று மன்னித்தேன்.

என் மாணவி லோஷினி கைப்பேசியில் எடுத்த காணொளி உங்களிடம் இருக்கிறது. மாஹிரின் கால் நாடாவை முந்தி விழுவதும், நான் குனிந்து அதைப் பார்ப்பதும், பிறகு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதும் தெளிவாகவே தெரிகின்றன. மறுக்கவில்லை. தெரிந்துதான் செய்தேன், ஏழு மாதமும்.

ஒன்றை மட்டும் பதிவு செய்துகொள்ளுங்கள். லோஷினி மூன்று மீட்டர் பத்து தாண்டுகிறாள். அவளிடம் நான் ஒரு விரற்கடைகூடப் பொய் சொன்னதில்லை. நான் நேர்மையான பயிற்சியாளனா இல்லையா என்று அவளையே கேளுங்கள்.